மஞ்சள் நாடா

வலிமை என்பதைப் பற்றி நம்மில் பலருக்கு ஓர் எளிய எண்ணம் உண்டு. நலிந்த பொருள் ஒன்றின்மேல் வலிய பொருள் ஒன்றை ஒட்டிவிட்டால், நலிந்ததும் வலிதாகிவிடும் என்பதே அது. இவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்பதை, தாணே வாக்ளே தொழிற்பேட்டையில் நாரும் பிசினும் கொண்டு பொருள் செய்யும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் எழுத விரும்புகிறேன். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மராட்டிய மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்ற விழா நடந்ததும் அப்பேட்டையிலேதான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலர் அங்கு வேலைக்கு வந்து போனவர்கள். ஆகவே இது நம் குடும்பங்களுக்குப் புறம்பான செய்தி அன்று.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பைபர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் படகும், தண்ணீர்த் தொட்டியும், நாற்காலியும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. இரு பொருள்களின் கூட்டு. நார் ஒன்று, பிசின் மற்றொன்று. நம் ஊரில் மண்சுவர் எழுப்புவோர் களிமண்ணில் வைக்கோலைக் கலந்து மிதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண் மட்டும் இருந்தால் காய்ந்து வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் சுவரே நிற்காது. இரண்டும் கூடினால் மழையையும் வெயிலையும் தாங்கும். அதே தத்துவந்தான் இங்கும். நார் பாரத்தைச் சுமக்கிறது. பிசின் நாரை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு, ஓர் இழையின் பாரத்தைப் பக்கத்து இழைக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. பிசினின் பிடி விட்டுப்போனால், எவ்வளவு உயர்ந்த நாரும் வெறும் நூலே.

பெரும்பாலும் இதற்குக் கண்ணாடி நாரே பயன்படுகிறது. ஆனால் பட்டறைக்குள் அவ்வப்போது மஞ்சள் நிற நாடா ஒன்று வந்து சேரும். இரண்டு அங்குல அகலம். புடவைக் கரைபோல் இரு ஓரமும் பிரியாமல் நெய்து முடிந்திருக்கும். தொட்டால் பட்டின் வழவழப்பு. அராமிட் என்பது அதன் பெயர். கடைவழக்கில் பெரும்பாலோர் கெவ்லார் என்பார்கள். அது அமெரிக்க நிறுவனம் ஒன்று வைத்த வணிகப் பெயர். எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைவிட ஐந்து மடங்கு வலியது என்று இதைச் சொல்வது வழக்கம். அடர்த்தியைப் பார்த்தால், நீரை 1 எனக் கொண்டால் எஃகு 7.8, கண்ணாடி நார் சுமார் 2.5, இந்த மஞ்சள் நார் 1.44. குண்டு துளைக்காத கவசம் இதனால் ஆனது என்ற புகழ் பரவியிருப்பதால், இதை ஒட்டிவிட்டால் போதும், எதுவும் உடையாது என்ற நம்பிக்கையும் கூடவே பரவிவிட்டது.

இந்த நாரைக் கண்டவரின் வரலாறு, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்போன்ற குடும்பங்கள் அறிந்துகொள்ளத் தக்கது. ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையார், போலந்து நாட்டிலிருந்து குடியேறியவர்களின் மகளாக 1923-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்தார். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குப் பணம் சேர்ப்பதற்காக 1946-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியல் வேலை ஒன்றில் சேர்ந்தார். அவ்வேலையே வாழ்நாள் பணியாயிற்று. மோட்டார் டயர்களுக்கு எடை குறைந்த வலிய நார் தேடிக்கொண்டிருந்தபோது, 1965-இல் அவர் செய்த கரைசல் ஒன்று மற்றவைபோல் கெட்டியாகவும் தெளிவாகவும் இல்லாமல், மோர்போல நீர்த்துக் கலங்கியிருந்தது. நூற்புக் கருவியை இயக்குபவர், இது துளைகளை அடைத்துவிடும் என்று அஞ்சி நூற்க மறுத்தார். அம்மையார் விடவில்லை, வற்புறுத்தி நூற்கச் செய்தார். வந்த நூல் அறுபட மறுத்தது. அடுத்தவர் வீண் என்று கொட்டிவிடக்கூடிய ஒன்றை நின்று பார்த்த பொறுமையே அந்தக் கண்டுபிடிப்பு. 2014-இல் தம் தொண்ணூறாவது வயதில் அவர் மறைந்தார்.

இனி, அந்த நாரின் குணத்தைப் பார்ப்போம். கயிற்றைப் பிடித்து ஒரு வண்டியை இழுக்கலாம்; கயிற்றால் வண்டியைத் தள்ள முடியுமா? அராமிட் நார் ஏறக்குறைய அந்தக் கயிற்றின் இனம். இழுத்தால் மலைபோல் நிற்கும், அழுத்தினால் மடங்கிவிடும். பிசினோடு கூட்டித் தகடாக்கிய பின்னும், அழுத்தத்தை அது தாங்கும் அளவு, இழுப்பைத் தாங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். வேறு குறைகளும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் நைந்துபோகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணக் கத்தரிக்கோலுக்கு வெட்டுப்படாமல் மென்று துப்பியதுபோல் ஆகிவிடும். நுண்ணிய பற்கள் வைத்த கத்தரி வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வழவழப்பாகாது. மயிர் சிலிர்த்ததுபோல் எழுந்து நிற்கும். மலிவான பாலியெஸ்டர் ரெசின் இதனோடு நன்றாக ஒட்டுவதில்லை. ஈபாக்ஸியோ வினைல் எஸ்டரோ வேண்டும்.

இழுப்பு எங்கே என்று அறிந்து அங்கே இந்த நாரை வைத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்ரீஹரிகோட்டாவே சான்று. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 15-இல் வெற்றியுடன் ஏறிய நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்ட மோட்டாரின் உறை, இரும்பால் ஆனது அன்று. அராமிட் நாரைப் பிசினில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிச் செய்தது. எரிபொருள் எரியும்போது உள்ளிருந்து எழும் அழுத்தம் உறையை எல்லாத் திசையிலும் விரிக்கப் பார்க்கிறது. விரிவது என்றால் நார் இழுபடுகிறது என்று பொருள். அங்கே அந்த நாருக்கு அதன் இயல்புக்கு ஏற்ற வேலையே கிடைத்திருக்கிறது.

ஆனால் தாணேக் கழியில் ஓடும் ஒரு சிறு மீன்படகுக்கு இழுப்பு எங்கே, அழுத்தம் எங்கே? அதைக் கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பவன் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் கோளி இனத்துப் பெரியவர் ஒருவர் தம் பைபர் படகை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதன் முன்பக்க அடியில் இரண்டடி நீளத்திற்கு விரிசல். சேற்றில் புதைந்திருந்த பழைய கம்பம் ஒன்றில் இடித்ததாம். ஏற்கெனவே யாரோ ஒருவர் அதற்கு வைத்தியம் பார்த்திருந்தார். விரிசலின் நெடுகே, வெளிப்புறத்தில், பழைய வண்ணப்பூச்சின் மேலேயே மஞ்சள் நாடாவை ஒட்டி, மேலே பளபளவென்று பிசினும் பூசியிருந்தார். நான் விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். வாழைப்பட்டை உரிவதுபோல நாடா முழுவதும் கையோடு வந்துவிட்டது. நாடாவில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அது படகைப் பிடிக்கவில்லை, வண்ணத்தைத்தான் பிடித்திருந்தது. வண்ணமோ படகைப் பிடிக்கவில்லை. அந்தப் படகில் பெரியவரும் அவர் மகனும் நாள்தோறும் விடியுமுன் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

என்னோடு அப்போது தாராவியிலிருந்து வந்து தொழில் பழகிய இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்தவர். "அண்ணாச்சி, நாடா நல்ல நாடாதானே? கொஞ்சம் தேய்ச்சிட்டு அதையே திருப்பி ஒட்டிட்டா என்ன?" என்று கேட்டான். நான் அவனை விரிசலின் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தத் தவற்றில் எத்தனை தவறுகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணச் சொன்னேன். வண்ணத்தின்மேல் ஒட்டியது ஒன்று. நெடுகே ஒட்டியது இரண்டு. ஏனெனில் விரிசல் திறக்கப் பார்ப்பது குறுக்கே. நெடுகே ஓடும் இழை அதைத் தடுக்காது. நாடாவில் குறுக்கிழை இருந்தாலும், விரிசலுக்கு இரு புறமும் ஓர் அங்குலந்தான் அதற்குப் பிடிமானம். வெளிப்புறத்தில் ஒட்டியது மூன்று. இந்த மூன்றாவதை அவன் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அடி வெளியிலிருந்துதானே விழுகிறது, கவசம் வெளியில்தானே வேண்டும் என்றான்.

நான் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து, இரு முனையையும் பிடித்துக்கொண்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். விரல் படும் பக்கம் சுருங்குகிறது, எதிர்ப்பக்கம் விரிகிறது. படகின் அடித்தகடும் அப்படித்தான். வெளியே கம்பம் இடிக்கும் இடத்தில் தகடு அழுந்துகிறது. உள்பக்கத்தில் அதே இடத்தில் இழுபடுகிறது. அழுத்தத்தில் மடங்கும் நாரை வெளியில் வைத்து என்ன பயன்? இழுப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த நாரை உள்ளே வைக்க வேண்டும். வெளியில் அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடி நாரை வைக்க வேண்டும். வெயிலும் உராய்வும் நாடாவைத் தின்னாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

வேலையைத் தொடங்கினோம். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினோம். பின்னர்ப் படகை நிழலில் கவிழ்த்து, கீழே மின்விளக்குகளை எரியவிட்டு உலர்த்தினோம். ஈரம் போயிற்றா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை அவ்விடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் தாளின் உட்புறம் பனித்திருந்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. இரண்டு காலையிலும் தாள் பனித்தே இருந்தது. மூன்றாம் காலை உலர்ந்திருந்தது. பிறகு பழைய பூச்சை நீக்கி, விரிசலின் இரு கரையையும் சரிவாகத் தேய்த்தோம். தகட்டின் கனம் ஒரு பங்கு என்றால் சரிவின் நீளம் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது படகுத் தொழிலில் பழகிய கணக்கு. ஐந்து மில்லிமீட்டர் தகட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் அறுபது மில்லிமீட்டர். பார்ப்பவருக்குச் சிறு புண்ணைப் பெரும் புண்ணாக்குவதுபோல் தோன்றும். ஆயினும் பாரம் பழைய தகட்டிலிருந்து புதிய ஒட்டுக்குச் சிறிது சிறிதாக இறங்கிப்போக அந்தச் சரிவுதான் படிக்கட்டு. செங்குத்தான ஓரம் விட்டால், அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும்.

சரிவைக் கண்ணாடி நார்த் துணியால் அடுக்கடுக்காக ஈபாக்ஸி இட்டு நிரப்பினோம். உட்புறத்தில் மஞ்சள் நாடாவை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே, ஏணிப் படிகள்போல் ஒன்றையொன்று தொட்டு வைத்தோம். ஒவ்வொரு துண்டையும் ரோலரால் உருட்டி, உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழியை வெளியேற்றினோம். அதன்மேல் கண்ணாடித் துணி ஓர் அடுக்கு. பிறகு தேய்ப்பதானாலும் அந்தக் கண்ணாடியைத்தான் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் மஞ்சளைத் தொடக்கூடாது.

அது ஆனி மாதம். கழியிலிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஈபாக்ஸி இறுகும்போது சில வேளை அதன் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவாமல் அடுத்த அடுக்கை வைத்தால், அவ்வடுக்கு அந்த மெழுகின் மேல்தான் நிற்கும். முன் சொன்ன வண்ணத்தின் கதையே மீண்டும். இளைஞன் ஒவ்வொரு காலையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துவரக் கற்றுக்கொண்டான்.

எல்லாம் முடிந்தபோது பெரியவர் வந்தார். படகைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். வெளியே வெள்ளைப் பூச்சு. உள்ளே சாம்பல் பூச்சு. மஞ்சள் எங்கும் தெரியவில்லை. "அண்ணா, அந்த மஞ்சள் பட்டிக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேனே, அது எங்கே?" என்று மராத்தியில் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குப் பணம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? நான் அதே அளவுகோலை வளைத்துக் காட்டினேன். "காகா, தெரிகிற இடத்தில் வைத்திருந்தால் உங்களுக்கு மகிழ்ச்சி, தெரியாத இடத்தில் வைத்ததால் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு" என்றேன். அவர் முழுவதும் நம்பினார் என்று சொல்லமாட்டேன். படகை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு கோடையில் அதே படகு மீண்டும் வந்தது. நீர் வற்றிய நேரத்தில் பழைய இடத்திற்கு ஒரு சாண் தள்ளிக் கல்லில் மோதியிருக்கிறது. வெளியே கண்ணாடித் தகடு உடைந்து வெடித்திருந்தது. உள்ளே, மஞ்சள் துண்டுகளின் முனைகள் அந்த இடம் வரை நீண்டிருந்தன. அவை அறுபடாமல் தகட்டை ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கசிந்ததே தவிரக் கொட்டவில்லை. மகன் ஒரு கையால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்துவிட்டான். அராமிட் நாரின் உண்மையான பெருமை இதுதான். அது உடையாமல் காப்பதில்லை. உடைந்த பின்னும் சிதறாமல் காக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மனிதன் வீடு வந்து சேரலாம்.

இதைப் படிக்கும் நாகப்பட்டினத்துக் குடும்பங்களுக்கு இது வெறுங்கதையாக இராது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்த பின், நம் கரையில் கட்டுமரங்களும் வள்ளங்களும் அழிந்த இடத்தில் பைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. உதவி வேகமாக வந்தது. அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கப் படகுக் கொட்டகைகளும் வேகமாக முளைத்தன. அவற்றுள் சிலவற்றின் தரத்தைப் பற்றி அப்போதே கவலை எழுந்தது. கட்டுமரம் கட்டத் தெரிந்தவருக்கு மரத்தின் நோய் கண்ணால் தெரியும். பைபரின் நோயோ பூச்சுக்குள்ளே மறைந்திருக்கிறது. மணற்கரையில் இழுத்து இழுத்து அடிக்கட்டை தேய்ந்த படகுக்கு யார் எப்படி ஒட்டுப் போடுகிறார்கள் என்பது, அதில் செல்பவரின் உயிரைப் பற்றிய கேள்வி.

இத்தொழிலைச் செய்கிறவர்களின் உயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குப் பகை. தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அவ்வேலையைச் செய்யவே கூடாது. பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்க இரண்டு பொருள்கள் சேர்க்கிறார்கள்: ஒன்று கேட்டலிஸ்ட், மற்றொன்று கோபால்ட். இவ்விரண்டையும் ரெசினில் தனித்தனியே கலக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று நேராகக் கலந்தால் தீப்பற்றும்; வெடிக்கவும் கூடும். நான் இருந்த பட்டறைகளுள் ஒன்றில், இதை எவரும் சொல்லித் தராத ஓர் இளைஞனின் கை அவ்வாறு வெந்தது. அவன் பெற்றோர், மகன் ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்று மட்டுமே அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் இத்தகைய வேலைக்குப் போனால், சம்பளத்தைக் கேட்கும்போது முகமூடி கொடுக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆயினும் இத்தொழிலை இழிவாக எண்ண வேண்டியதில்லை. நம் இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் மரப்படகு கட்டியவர். மகனோ தும்பாவில் நாரும் பிசினும் கூட்டிப் பொருள் செய்யும் ஆய்வில் ஈடுபட்டார். பின்னர் ஐதராபாத்தில் இருந்தபோது, போலியோவால் கால் நலிந்த குழந்தைகள் சுமார் மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கியை இழுத்துக்கொண்டு நடப்பதை நிசாம் மருத்துவ நிலையத்தில் கண்டார். ஏவுகணைக்கென வளர்த்த இலேசான கூட்டுப்பொருள் அறிவைக் கொண்டு அதை முந்நூறு கிராம் அளவுக்குக் குறைக்கச் செய்தார். தம் பணிகளுள் பெருமகிழ்ச்சி தந்த ஒன்றாக அதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ராக்கெட்டுக்கும் குழந்தையின் காலுக்கும் மீன்படகுக்கும் உரிய கைத்தொழில் ஒன்றே.

வாசகர்களுள் எவரேனும் படகோ, தொட்டியோ, வேறெந்தப் பைபர் பொருளோ பழுது பார்க்கக் கொடுப்பதானால், என்ன நாடா போடுகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டாம். ஈரத்தை எப்படிப் போக்குவீர்கள், பழைய பூச்சை எதுவரை நீக்குவீர்கள், சரிவு எவ்வளவு விடுவீர்கள், இழை எந்தத் திசையில் ஓடும் என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் தயங்காமல் விடை சொல்கிறவரிடம் பொருளை ஒப்படைக்கலாம். அவர் வைப்பது கண்ணாடி நாரானாலும் நிற்கும். விடை சொல்லாதவர் பொன்னையே நாராக்கி ஒட்டினாலும் உரிந்துவிடும்.

அந்தத் தாராவி இளைஞன் இப்போது தனியே ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். சென்ற மாதம் போயிருந்தபோது, அவர்களுள் ஒருவன் நேற்றைய அடுக்கின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.